தொட்டிக் கணக்கு: வாசகர் கேள்விகள்

பென்னாகரம் வாசகி: மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் ஆழ்துளைக் கிணற்று நீர், லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஒகேனக்கல் நீரை நிமிடத்துக்கு 50 லிட்டர் விட்டு, அதே வேகத்தில் வெளியேற்றினால் 1.5க்கு எப்போது இறங்கும்?

ஒகேனக்கல் நீரில் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, 0.5 என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டி நீருக்கும் ஒகேனக்கல் நீருக்கும் உள்ள வித்தியாசம் 2.5இலிருந்து 1க்கு இறங்க வேண்டும். அது குறையும் வேகம் அந்தந்த நேரத்து வித்தியாசத்துக்கு விகிதமாக இருக்கும், இதுதான் தொட்டிக் கணக்கின் வகைக்கெழுச் சமன்பாடு. 1,000ஐ 50ஆல் வகுத்தால் 20, 2.5இன் இயல் மடக்கை 0.92. பெருக்கினால் 18 நிமிடம், 900 லிட்டருக்கு மேல் நல்ல நீர். அதற்குப் பதில் 600 லிட்டரைத் திறந்துவிட்டு 600 லிட்டர் நிரப்புங்கள், அதே 1.5 வரும், வகைக்கெழுவே வேண்டாம்.

பர்கூர் வாசகர்: மாங்கூழ்த் தொட்டியில் சர்க்கரைப் பாகு விடுகிறோம், கலக்கி ஓடவில்லை. சமன்பாடு பொருந்துமா?

பொருந்தாது. உள்ளே வருவது உடனே தொட்டி முழுவதும் சீராகக் கலந்தால்தான் அது செல்லும். இங்கே பாகு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஊத்தங்கரை மாணவர்: 200 லிட்டர் தூய நீர். நிமிடத்துக்கு 6 லிட்டர் உள்ளே, 4 லிட்டர் வெளியே. உள்ளே வருவதில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு. 50ஆவது நிமிடத்தில் எனக்கு 1,900 கிராம் வருகிறது, நண்பனுக்கு 2,100. யார் சரி?

நண்பன். வெளியேறும் வீதத்துக்கு உப்பை 200ஆல் வகுத்திருக்கிறீர்கள். மாதம் தவறாமல் வரும் பிழை இது! உள்ளே 6, வெளியே 4 என்று எழுதிய கையாலேயே கொள்ளளவு (தொட்டியில் இருக்கும் நீரின் அளவு) மாறாது என்றும் எழுதினால் மிச்ச 2 லிட்டர் எங்கே போயிற்று? கொள்ளளவு 200 + 2 × நேரம். தொகையீட்டுக் காரணி, அதாவது தொகையிட வசதியாகச் சமன்பாட்டின் இரு பக்கத்தையும் பெருக்கும் கோவை, (100 + நேரம்)². மாறிகளைப் பிரிக்கும் குறுக்குவழி இங்கே செல்லாது. சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். உங்கள் சமன்பாட்டை நீளவிட்டுப் பாருங்கள்: உப்பு 3,000 கிராமை நெருங்கும். உங்கள் கணக்குப்படி தொட்டியில் 200 லிட்டர்தானே? அப்படியானால் லிட்டருக்கு 15 கிராம். 10 கிராம் நீரை ஊற்றி 15 கிராம் நீர் எடுக்க முடிந்தால் உப்பளத்துக்கு வெயிலே வேண்டாம். ஆகவே திரும்பச் சொல்கிறேன்: முதல் வரியில் கொள்ளளவு, அடுத்த வரியில் அலகு, பிறகு சமன்பாடு.

அரூர் வாசகர்: தொட்டி பெரியது. தூய நீர் விட்டால் உப்பு எப்போது முழுவதும் போகும்?

'பெரியது' அலகு அல்ல. முழுவதும் போகவே போகாது. ஒரு தொட்டி அளவு நீர் ஓடினால் 37 சதவீதம் மிஞ்சும். மூன்று தொட்டி ஓடினால் 5. நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் லிட்டரை அளந்து எழுதுங்கள்.