நரசி மேத்தா முதல் தயாராம் வரை: குஜராத்தி பக்திப் பாடல் கேள்வி பதில்

வாய்ப்பாட்டு மாணவி: நரசி மேத்தாவின் பிரபாதியாக்களை ஆதி தாளத்தில் பாடினால் எங்கோ இடிக்கிறது. ஏன்?

இடிக்கத்தான் செய்யும்; ஆதி தாளம் நான்கின் நடை. வைகறையில் பாடும் இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை ஜூலணா யாப்பில் அமைந்தவை. அடிக்கு 37 மாத்திரை. 10, 10, 10, 7 என்று பகுப்பு. உள்ளே ஓடுவது ஐந்தின் நடை: ஏழு ஐந்துகள், முடிவில் ஒரு நெடில்.

'அகில ப்ரஹ்மாண்டமாம் ஏக தும் ஸ்ரீஹரி, ஜூஜவே ரூபே அனந்த பாஸே' என்ற அடியைப் பிரித்துப் பாருங்கள்:

அகிலப்ரஹ் / மாண்டமாம் / ஏகதும் / ஸ்ரீஹரீ / ஜூஜவே / ரூபேஅ / னந்தபா / ஸே

'ஹரி'யின் இகரத்தை நீட்டினால்தான் நான்காவது ஐந்து நிறையும். முப்பதாவது மாத்திரை 'அனந்த' என்ற சொல்லின் நடுவில் விழுகிறது. அங்கே மூச்சு வாங்கினால் சொல் உடையும். இருபதில், 'ஸ்ரீஹரி' முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தின் தாளமான கண்டசாபு போட்டுப் பாடுங்கள், அல்லது பத்து மாத்திரை கொண்ட இந்துஸ்தானி ஜப்தாளம். கடைசி 'ஸே'யை மூன்று மாத்திரை கூடுதலாக நிறுத்தினால் 40 ஆகும்: ஜப்தாளத்தில் சரியாக நான்கு ஆவர்த்தனம்.

பஜனைக் குழுவினர்: 'வைஷ்ணவ ஜன தோ' பாட்டுக்கும் இதே கணக்கா?

இல்லை, அது ஜூலணா அல்ல, தனிப் பதம். எல்லோரும் அறிந்த மெட்டு கமாஜ் ராகத்தில் நான்கின் நடையில் போகிறது. நம் ஊர்ப் பாட்டுத் தாள்களில் உள்ள பிழைகளே பெரிய தொல்லை. 'பீட பராயீ' என்பதை இந்திப் பழக்கத்தில் 'பீர்' ஆக்கிவிடுகிறார்கள். 'பீடம்' என்பதில் ஒலிக்கும் அதே டகரம்தான் வேண்டும். 'ஜாணே', 'ஆணே' இரண்டிலும் ணகரம். இதை 'ஜானே', 'ஆனே' என்று அச்சிட்டால் இந்தியாகிவிடும். 'தோயே' என்பதற்குப் பின் சிறு இடைவெளி விட்டு 'மன அபிமான்' எடுங்கள்.

தமிழ் ஆசிரியர்: 'நரசையோ' என்ற முத்திரை (பாட்டுக்குள் வரும் கவியின் பெயர்) இருந்தால் அது நரசி எழுதியதுதானா?

முத்திரையை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. அவர் 15ஆம் நூற்றாண்டு ஜூனாகட்காரர். பாடல்கள் நெடுங்காலம் வாய்வழியே வந்தவை. பாடியவர்கள் தங்கள் காலத்து மொழிக்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்று அச்சில் இருக்கும் குஜராத்தி அவர் பேசிய மொழி அல்ல. அவர் பாணியில் பின்னால் வந்தவர்கள் கட்டிய பாட்டிலும் அதே முத்திரை உண்டு.

நாடகக்காரர்: குஜராத்திக் கதைப்பாட்டான ஆக்யானம் படித்தேன். சொன்னதையே திரும்பச் சொல்வது போல இருக்கிறதே?

கண்ணால் படித்ததுதான் காரணம். ஆக்யானம் இரவில் கூட்டத்துக்கு முன் நிகழ்த்துவதற்கானது. நிகழ்த்துபவர் மாண்பட். 'மாண்' என்ற செப்புக் குடத்தை விரல் மோதிரங்களால் தட்டித் தாளம் பிடித்துக்கொண்டே பாடுவார், பேசுவார், நடிப்பார். கதை 'கடவூ' என்ற பகுதிகளாக ஓடும். பொதுவாக ஒரு கடவூவில் முகபந்தம் தொடக்கம். 'டாள்' கதையை நடத்தும். 'வலண்' முடித்து அடுத்ததற்குக் கொக்கி போடும். டாளின் கடைசிச் சொற்களை வலண் மறுபடி எடுப்பதுதான் உங்களுக்குக் கூறியது கூறலாகத் தெரிகிறது. பிந்தி வந்து உட்கார்ந்தவனுக்கும் கதை பிடிபட அது வேண்டும்.

17ஆம் நூற்றாண்டு வடோதராவின் பிரேமானந்த் இதில் தலைவர். அவருடைய 'குவர்பாயி நு மாமேரு'விலிருந்து தொடங்குங்கள். மகளின் சீமந்தத்துக்குப் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக ஏழை நரசியிடம் ஒன்றுமில்லை. மாமியாருக்கும் மாமியாரான கிழவி நீளப் பட்டியல் சொல்கிறாள்; கடைசியில் கேலியாக இரண்டு பெரிய கல்லையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். அந்தப் பட்டியலை வேகமாக வாய்விட்டு வாசியுங்கள்; சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று புரியும். பக்தி இலக்கியத்தில் சம்பந்தி வீட்டுக் குசும்பை இவ்வளவு நுட்பமாகப் பிடித்தவர் அரிது.

நடனப் பள்ளி நடத்துபவர்: வட்டமாக ஆடிப் பாடும் கர்போ, கர்பி இரண்டும் ஒன்றா?

ஆட்டத்தில் இரண்டும் கலந்துவிட்டன, பாட்டில் வேறு. கர்போ நீளமானது, பெரும்பாலும் அம்மன் மீது. பகுசரா மாதாவைப் பாடிய வல்லப் மேவாடோ பெயர் பெற்றவர். கர்பி சிறியது, ஓர் உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டபோயியில் வாழ்ந்த தயாராம் (1777–1853) கோபியின் ஊடலையும் ஏக்கத்தையும் கர்பியில் வைத்தார், புஷ்டிமார்க்கம் என்ற கிருஷ்ண பக்தி மரபைச் சேர்ந்தவர். நவராத்திரியில் பாடும் 'ஜய் ஆத்யா சக்தி' இரண்டிலும் சேராது, அது ஆரத்தி. பிரதமை முதல் பௌர்ணமி வரை திதிப் பெயர்கள் சரணங்களில் வரிசையாக வருவதால் வரிசை தவறாது.

வாசகர்: அகோவின் 'சப்பா' கோயிலையே கிண்டல் செய்கிறதாமே?

வெறும் சடங்கைக் கிண்டல் செய்கிறது. அகமதாபாத் பொற்கொல்லர் அவர். சப்பா என்பது ஆறு வரிப் பாட்டு; அதற்குள் முடிப்பார். நாமம் இட்டே ஐம்பத்து மூன்று ஆண்டு போனது, ஜபமாலை மணியின் துளை தேய்ந்தது, தீர்த்தம் சுற்றிக் கால் ஓய்ந்தும் ஹரியிடம் சேரவில்லை, கதை கேட்டுக் கேட்டுக் காது வெடித்தது, பிரம்ம ஞானம் மட்டும் வரவில்லை: இது ஒரு முழு சப்பா.

கல்லூரி மாணவர்: எழுத்துக் கற்றுக்கொண்டு படிக்கலாமா, தமிழ் எழுத்துப் பிரதி போதுமா?

எழுத்தையே கற்றுக்கொள்ளுங்கள். தேவநாகரி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குஜராத்தியில் மேல்கோடு கிடையாது, சில எழுத்தின் வடிவம் மட்டும் மாறும். நம் ளகரமும் ணகரமும் அங்கே தனி எழுத்தாக உண்டு. தமிழ்ப் பிரதியில் க, ட, த, ப வருக்கங்களின் நான்கு ஒலியும் ஒன்றாகிவிடுவதால், மாத்திரை சரியாக வந்தாலும் சொல் கெட்டுப்போகும்.