முதலில் அளவு, பிறகு நிழல்: அறிவியல் புனைவு மாடல்களுக்கு வண்ணமடிப்பது பற்றிய கேள்வி பதில்

காட்பாடியில் என் வீட்டு மாடி அறையில் பதினேழு ஆண்டுகளாக ரோபோ, விண்கலம் ஆகியவற்றின் பிளாஸ்டிக் கிட்டுகளை ஒட்டி வண்ணமடித்து வருகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இதே ஆர்வமுள்ள நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் வண்ணமும் நிழலும் பற்றியவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, 1/144 அளவுள்ள கன்டம் ரோபோவைக் கட்டி, பேனல் கோடுகள் (கவசத் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) அனைத்திலும் கறுப்பு மை இட்டேன். பெட்டியிலுள்ள படத்தைப் போலப் பெரிதாகத் தோன்றாமல் பொம்மை போலவே இருக்கிறது. ஏன்?

தம்பி, அந்தக் கறுப்பு மைதான் காரணம். அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். கன்டம் என்ற ஜப்பானிய அனிமேஷன் வரிசையின் முதல் ரோபோவான ஆர்எக்ஸ்-78-2 கதைப்படி 18 மீட்டர் உயரம் கொண்டது. அதை 144ஆல் வகுத்தால் 12.5 செ.மீ. கிடைக்கிறது. அப்படியென்றால் மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையில் 14.4 செ.மீ. ஆகும். நீங்கள் மையிட்ட கோடு கால் மில்லிமீட்டர்தான் என்றாலும், அது இரண்டு விரல் நுழையும் அளவுக்கு 3.6 செ.மீ. இடைவெளியாகிவிடுகிறது, அதுவும் மார்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே கருமையில். வேலூர்க் கோட்டை அகழிக்கு இப்பால் நின்று மதிலை ஒருமுறை பாருங்கள். அருகில் இருளாகத் தெரியும் கல் இடுக்குகள், தொலைவிலிருந்து பார்க்கையில் கல்லின் நிறத்தைவிடச் சற்றே ஆழ்ந்த சாம்பல் கோடுகளாக அடங்கிவிடுகின்றன. பெரிய பொருளைத் தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்ற உணர்வைக் கண்ணுக்குத் தருவது அந்த அடக்கமே. ஆகவே வெள்ளைக் கவசத்துக்கு இளஞ்சாம்பல், சிவப்புக்கு அடர் பழுப்பு, நீலத்துக்குக் கருநீலம் என்று கோட்டின் நிறத்தைப் பரப்பின் நிறத்திலிருந்தே எடுங்கள். காற்றுத் துளை, மூட்டின் உட்புறம் போன்று ஒளியே புகாத இடங்களுக்கு மட்டும் கறுப்பை வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வண்ணத்திலும் சிறிது வெள்ளையோ இளஞ்சாம்பலோ கலந்து, புட்டியில் உள்ளதைவிட ஒரு படி வெளிறச் செய்யுங்கள். பெயிண்ட் உதிர்ந்த தடங்களுக்கும் இதே கணக்குதான்: அரை மில்லிமீட்டர் உதிர்வு என்பது உள்ளங்கை அகலக் காயம் என்பதால், அதை எங்கும் தூவக் கூடாது.

ஆம்பூர், தோல் ஆலை ஊழியர்: ஐயா, நான் ஃபினிஷிங் பிரிவில் ஸ்ப்ரே அடிக்கிறேன். அந்த கன்னும் பிக்மென்ட்டும் மாடலுக்கு ஆகுமா?

இரண்டும் ஆகாது, ஆனால் உங்கள் கைப்பழக்கம் முழுவதும் ஆகும். தோல் மடங்கும்போது வெடிக்கக் கூடாது என்பதற்காக அந்த பிக்மென்ட்டில் மென்மையான பிசின் சேர்க்கப்படுகிறது. அது பிளாஸ்டிக்கில் உறுதியாகப் பற்றாது. தடித்த படலமாகப் படிந்து நுண்ணிய கோடுகளையும் மூடிவிடும். உங்கள் கன் அகன்ற விசிறியாகத் தெளிப்பது. மாடலுக்கு 0.3 மி.மீ. நாசில் (தெளிக்கும் துளை) கொண்ட ஏர்பிரஷ், அதாவது பேனா போலப் பிடித்து நுண்ணியதாகத் தெளிக்கும் கருவி வேண்டும்.

ஷூவின் முனையையும் குதிகாலையும் மட்டும் கருக்கவிட்டு நடுப்பகுதியைப் பளிச்சென்று விடும் வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடலில் நிழலிடுவதும் ஏறத்தாழ அதுதான். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) காய்ந்த பிறகு, பேனல் ஓரங்களிலும் கவசத்தின் அடிப்பகுதிகளிலும் அடர் பழுப்பை மெல்லிய கோடாகத் தெளியுங்கள். பின்னர் ஒரு பங்கு அக்ரிலிக் பெயிண்ட்டுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர் சேர்த்து, தண்ணீர் கலந்த பால் போலாக்கி, 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவிலான அழுத்தத்தில், மூன்று முதல் ஐந்து செ.மீ. தொலைவிலிருந்து, பேனலின் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி அடிப்படை வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். ஓரத்து நிழல் "இருக்கிறதா, இல்லையா" என்று ஐயப்படும் நிலையில் கையை நிறுத்திவிட வேண்டும். பலரும் ஒரு பூச்சு முன்னதாகவே நிறுத்திவிடுவதால்தான் மாடல் கட்டம் போட்ட லுங்கி போலாகிறது. இறுதியாக, வெள்ளை சேர்த்து வெளிறச் செய்த அதே வண்ணத்தைத் தோள், தலை, தொடையின் மேற்புறம் ஆகிய மேல்நோக்கிய பரப்புகளுக்கு மட்டும் இடுங்கள். எல்லாப் பேனலுக்கும் ஒரே அளவில் வெளிச்சம் தருவதை நான் ஏற்பதில்லை; வெயில் மேலிருந்துதானே விழுகிறது.

ஆற்காடு: மே மாதத்தில் அடித்தால் பெயிண்ட் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்து, பரப்பு மணல் போலாகிறதே?

நம் பகுதியின் 40 டிகிரி வெயிலில் அக்ரிலிக் துளிகள் பரப்பைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகின்றன. விடியற்காலையில் வேலையை முடியுங்கள். தின்னரைக் கூட்டி, உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளிகள் சேர்த்து, அழுத்தத்தைக் குறைத்து, சற்று நெருங்கி அடியுங்கள். ஊசி முனையை இடையிடையே தின்னர் தோய்த்த பஞ்சால் துடைப்பதும் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு எதிரான தொல்லை வரும்: லேக்கர் தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்வதால், ஈரக் காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்து வெண்பூப் பூக்கும். மழை நாளில் லேக்கர் வார்னிஷைத் தொடவே வேண்டாம்.

குடியாத்தம், ஆசிரியை: ஏர்பிரஷ் வாங்க வசதியில்லை. தூரிகையால் நிழல் வருமா, சார்?

நன்றாகவே வரும், அம்மா. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலர் டியூப்களில் வெள்ளை, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), கறுப்பு மூன்றே போதும். சிறிதளவு பிதுக்கி அட்டையின் மேல் அரை மணி நேரம் வைத்தால், அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்; பிறகு பளபளப்பின்றிக் காயும். அக்ரிலிக் வண்ணமும் அதன் மேல் வார்னிஷும் முழுவதுமாக உலர்ந்த பின், நிழல் விழும் ஓரங்களில் பழுப்பையும் மேல் விளிம்புகளில் வெள்ளையையும் ஊசி முனைப் புள்ளிகளாக வைத்து, ஓவியர்களுக்கான டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்ல இழுங்கள். ஆயில் கலர் மெதுவாகக் காய்வதால், பிடிக்கவில்லை என்றால் அன்றே துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஏர்பிரஷ் இருந்தும் நான் இதையே அதிகம் விரும்புகிறேன். ஒரே கவசத்துக்குள் இத்தனை நிற வேறுபாட்டைத் தெளிப்பில் கொண்டுவருவது கடினம்.

இராணிப்பேட்டை: எனாமல் வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த எனாமல் பெயிண்ட்) இட்ட மறுநாள் ரோபோவின் இடுப்பு மூட்டு விரிந்து உடைந்துவிட்டது. காரணம் என்ன?

இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக் எப்போதும் அழுத்தத்தில் இருக்கிறது. எனாமல் தின்னர் அந்த இடத்தில் ஊறி நின்றால் விரிசல் விடும்; மூட்டுகளில் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இதில் மிகவும் பலவீனமானது. பாகங்களைக் கழற்றி, பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவைத்து, கோட்டில் மட்டும் வாஷைத் தொட்டு, உபரியைத் துடைத்து, தின்னர் முற்றிலும் ஆவியான பிறகே மீண்டும் பொருத்துங்கள்.

ஆரணி: விண்கலத்துக்குத் துரு வரையலாமா?

இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் தேவை. வெற்றிடத்தில் மட்டும் பறக்கும் கலத்துக்கு ஆரஞ்சுத் துரு பொருந்தாது. எரிபொருள் கக்கும் வாயைச் சுற்றிய கருகலும் வெளிறிய பெயிண்ட்டும் பொருந்தும். கோளில் தரையிறங்கி மழையில் நிற்கும் கலம் என்றால், காட்பாடி சந்திப்பில் நிற்கும் சரக்கு வேகன்களின் ரிவெட்டுகளுக்குக் கீழே துரு எப்படி ஒழுகியிருக்கிறது என்று பார்த்து வரையுங்கள்.

சத்துவாச்சாரி, ஒரு தாய்: என் பன்னிரண்டு வயது மகன் பெயிண்ட் அடிக்கக் கேட்கிறான். பயப்பட வேண்டுமா?

நீரில் கரையும் அக்ரிலிக்கும் தூரிகையும் கொடுத்து, சன்னல் திறந்த அறையில் உட்கார வையுங்கள், அம்மா. லேக்கரும் அதன் தின்னரும் இந்த வயதில் வேண்டாம். தெளிப்பதாக இருந்தால் நீர் பெயிண்ட்டின் நுண்துளியும் நுரையீரலுக்குள் போகும் என்பதால், பெரியவர் துணையுடன், திறந்த மாடியில், வடிகட்டி பொருத்திய முகக்கவசம் அணிந்துதான் தெளிக்க வேண்டும். துணி முகக்கவசம் போதாது.