தாய்ப்பால் பத்தவில்லையா? மிஸ்ஸியிடம் கேளுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவள் நான். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கிளினிக்கில் ஜூருராவாட் மஷாராக்காட், அதாவது சமூகத் தாதி. தாதியை இங்கே மிஸ்ஸி என்போம். மோட்டாரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்தேன். இப்போது பென்ஷன். பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், மத்தியானச் சமையல் வரைக்கும் பதில் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பது பற்றி மட்டும் கேளுங்கள். மருந்துப் பெயர் எழுதித் தரமாட்டேன்.

முதல் பிள்ளைக்காரி, லிந்தாங்: மிஸ்ஸி, சிசேரியன் ஆகி இன்று மூன்றாம் நாள். பிழிந்தால் மஞ்சளாக இரண்டு சொட்டுதான் வருகிறது. குழந்தை அழுகிறாள். மாமியார் டின் பால் (குழந்தைப் பால்மாவு) வாங்கி வந்துவிட்டார்.

மிஸ்ஸி: அந்த மஞ்சள் சொட்டுதான்ம்மா சீம்பால். அதைத் துடைத்துப் போடாதே. முதல் நாள் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது 2-லிருந்து 10 மில்லிதான், அதாவது அதிகம் போனால் இரண்டு தேக்கரண்டி. மூன்றாம் நாள் 15-லிருந்து 30 மில்லி வரை கேட்கும். அதனால் நேற்றுவரை போதுமாயிருந்தது இன்று போதாமல் தெரியும்.

பால் கட்டிக்கொண்டு இறங்குவது பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள். சிசேரியன், இனிப்புநீர் (சர்க்கரை நோய்), பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு, இவை இருந்தால் தாமதமாகும்.

என் அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். மார்பு அதற்கு நேர் எதிர். எடுக்க எடுக்கத்தான் ஊறும், எடுக்காமல் விட்டால் நிற்கும். ஒரு நாளைக்கு 8-லிருந்து 12 தடவை, இரவிலும், மார்பில் போடு. குழந்தையின் வாய் காம்பை மட்டும் பிடித்தால் உனக்கு வலிக்கும், அவளுக்கும் பால் வராது. வாய் அகலத் திறக்கும்வரை காத்திரு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகவேண்டும். சப்பாத நேரத்தில் கையால் பிழிந்து கரண்டியில் எடுத்துக் கொடு.

இனி மாமியார் வாங்கிய டின். அதைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். இன்றே கிளினிக்கில் எடை பார். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாம் நாள் 2.65 கிலோ என்றால் ஏறக்குறைய 12 விழுக்காடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பத்தைத் தாண்டினால் சும்மா இருக்கக்கூடாது. முதலில் குழந்தையின் வயிறு, அப்புறம்தான் நம் கொள்கை. டின் பால் கொஞ்சம் கொடுத்தாலும் மார்பில் போடுவதையும் பிழிவதையும் விடாதே, அவ்வளவுதான். மாமியாரோடு சண்டை போடாதே. பயத்தில் வாங்கியிருக்கிறார்.

ஆறு நாள் குழந்தையின் அப்பா: பால் பத்துகிறதா என்று எப்படி அக்கா கண்டுபிடிப்பது? மார்பில் அளவுக்கோடு இல்லையே!

மிஸ்ஸி: நல்ல கேள்வி தம்பி. உள்ளே போவது தெரியாது, வெளியே வருவது தெரியும். பேம்பர்ஸை எண்ணு. முதல் நாள் ஒன்று நனையும், இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளுக்கு அப்புறம் ஆறு அல்லது அதற்கு மேல். மலம் முதலில் தார் மாதிரிக் கறுப்பு, அப்புறம் பச்சை, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தால், சிறுநீரில் செங்கல் பொடி மாதிரிக் கறை தெரிந்தால், பால் போகவில்லை. பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வரவேண்டும். அழுகையை வைத்துக் கணக்குப் போடாதே. உண்மையில் பட்டினி கிடக்கும் குழந்தை பல நேரம் அழாது, தூங்கிக்கொண்டே இருக்கும். "சமர்த்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று யாராவது சொன்னால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சாலாக், இரண்டாவது பிள்ளை: டின் பாலுக்கு ஃபிளாஸ்க் தண்ணீர் போதுமா? சூடான தண்ணீரில் சத்துப் போய்விடும் என்கிறார்களே?

மிஸ்ஸி: மாவு கிருமி நீக்கிய பொருள் இல்லை. டின் புதிதாக இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம். குரோனோபேக்டர் என்று ஒன்று, பிறந்த குழந்தையின் மூளைவரை போகும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது. தண்ணீரைக் கொதிக்க வை, அரை மணி நேரத்துக்குமேல் ஆறவிடாதே. புட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம் மாவு, டின்னோடு வந்த கரண்டியால் தலைதட்டி. குழாய்த் தண்ணீரில் புட்டியைப் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார். கலந்தது இரண்டு மணி நேரத்தில் முடியவேண்டும். குடித்த மிச்சத்தை ஊற்றிவிடு, மனசு கேட்காது, இருந்தாலும் ஊற்றிவிடு. காலையில் ஃபிளாஸ்க்கில் ஊற்றியதை இரவுக்கு நம்பாதே. ஃபில்டர் மெஷினில் வரும் சுடுதண்ணீரும் கொதித்ததற்குச் சமம் ஆகாது.

பெயர் வேண்டாம்: சம்பளம் 7-ஆம் தேதிதான் வரும். டின் பாதிதான் இருக்கிறது. ஒரு கரண்டி குறைத்துப் போட்டு ஓட்டலாமா?

மிஸ்ஸி: கூடாது. கூடாது. தண்ணீர் கூடினால் இரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வரும். வயிறு நிறைந்து தூங்குவதுபோல் தெரியும், உள்ளே குழந்தை கரைந்துகொண்டிருக்கும். கூட்டிப் போடவும் கூடாது.

வெட்கப்படாமல் கிளினிக் மிஸ்ஸியிடம் சொல், ஜேகேஎம் (சமூக நல இலாகா) உதவிக்கு எப்படி மனுப் போடுவது என்று அங்கேயே கேள். விலை குறைந்த டின்னுக்கு மாறு. 0-6 மாதம் என்று போட்ட எந்த டின்னும் அடிப்படைச் சத்துக்குக் குறைவில்லை. விலை கூடியதில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் விளம்பரம். ஆனால் மலிவு என்று ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் டின்னை வாங்கிவிடாதே. கணக்கு: ஒரு வாரம் தாண்டிய குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளுக்கு 150 மில்லி. 3 கிலோ என்றால் 450.

பத்தியச் சமையல் செய்யும் அம்மா: மகளுக்குப் பால்சுறா புட்டு, பூண்டு, வெந்தயம் கொடுக்கிறேன். சரிதானே?

மிஸ்ஸி: பூண்டு தாராளமாக. வெந்தயம் சமையல் அளவுக்குச் சரி, இனிப்புநீர் மருந்து எடுப்பவர் கவனம். சுறா வாரத்தில் பலமுறை வேண்டாம்க்கா, பெரிய சுறாவில் பாதரசம் அதிகம். கெம்போங், ஹாருவான் மீன் போதும். இவை எதுவும் பிழிவதற்கு ஈடில்லை. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கிறீர்களா? தாகத்துக்குக் குடிக்க விடுங்கள்.

சித்தி: சேனை வைக்கத் தேன்...

மிஸ்ஸி: ஒரு வயது வரை தேன் வேண்டாம். நாக்கில் தடவக்கூட வேண்டாம். உரைமருந்தும் கிரைப் வாட்டரும் அதே கணக்கு. வசம்பைக் கையில் கட்டுங்கள், வாயில் வேண்டாம்.

ஒன்பது பெற்ற ஆத்தா: ஏம்மா, ரொம்பத்தான் மிரட்டுகிறாய். நாங்கள் தே கலக்கும் சூசு டின்னை, அந்த இனிப்புக் கெட்டிப்பாலை, தண்ணீரில் கரைத்து ஊட்டினோம். என் பிள்ளைகளில் ஒருவன் லாரி ஓட்டுகிறான், ஒருத்தி டீச்சர்.

மிஸ்ஸி: ஆத்தா, ஒன்பது பெற்றேன் என்கிறீர்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஒன்பது பெற்ற ஆத்தா: ஆறு.

முன்னாள் கிராணி (தோட்டத்து எழுத்தர்): மிஸ்ஸி, பெரியவரிடம் இப்படியா கேட்பது? அந்தக் காலத்தில் எல்லா வியாதியும் இருந்தது. பாலைக் குறை சொல்லாதீர்கள். தோட்ட நிர்வாகமே ஆயாக்கொட்டகைக்குப் பால் கொடுத்தது.

மிஸ்ஸி: கேட்ட விதம் தப்பு, ஆத்தா மன்னிக்கணும். ஆனால் கிராணி ஐயாவுக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் பேசினார். தலைப்பு "பாலும் கொலையும்". இனிப்புச் சூசை குழந்தை உணவென்று விற்பதையும், அதனால் குழந்தைகள் சாவதையும் கொலை என்றே சொன்னார். நானாகக் கிளப்பியதல்ல, நம் மண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டர் அன்றைக்கே கத்தியது. அதில் சர்க்கரை நிறைய, குழந்தைக்கு வேண்டிய சத்து இல்லை. இன்றைக்கு வாங்கும் டின்னைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் "கிரீமர்" என்றுதான் இருக்கும். அதில் செம்பனை எண்ணெய். நம் தோட்டத்துப் பழமே டின்னுக்குள் போய்த் திரும்பி வருகிறது.

முன்னாள் கிராணி: பசும்பாலுமா தப்பு? லயத்துக்கு லயம் மாடு இருந்ததே.

மிஸ்ஸி: ஒரு வயதுக்குள் தப்புதான் ஐயா. இரும்புச்சத்து குறைவு, உப்பும் புரதமும் சின்னச் சிறுநீரகத்துக்கு அதிகம். ஆட்டுப்பாலும் ஆகாது.

ஒன்பது பெற்ற ஆத்தா: அப்படியென்றால் நானே என் பிள்ளைகளைக் கொன்றேனா?

மிஸ்ஸி: இல்லை ஆத்தா. விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்கணும், நிற்காவிட்டால் பேர் விழாது. பத்து நாள் பிள்ளையை ஆயாவிடம் போட்டுவிட்டு, மார்பு கட்டி ரவிக்கை நனைய நிரையில் நின்று மரத்துப் பாலை வாளியில் எடுத்தீர்கள். என் அம்மாவும் அப்படித்தான். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான், நான் பார்த்ததில்லை. உங்கள் கையில் கொடுத்தது அந்த டின் ஒன்றுதான். நீங்கள் கொல்லவில்லை.

புது அம்மா: மிஸ்ஸி, பால் பத்துகிறதா என்று எப்படித் தெரியும்?

மிஸ்ஸி: மேலே சொல்லியிருக்கிறேன். பேம்பர்ஸை எண்ணு.

இன்னொரு புது அம்மா: குழந்தை அடிக்கடி அழுகிறது, பால் பத்தவில்லையா?

மிஸ்ஸி: பேம்பர்ஸ்.

குறைமாதப் பிள்ளையின் பாட்டி: 2 கிலோ பேரனுக்கு மார்பில் சப்பத் தெம்பில்லை. சங்கில் ஊட்டலாமா?

மிஸ்ஸி: ஆஹா, இப்போதுதான் ஒருவர் சங்கை நினைத்தார். பாலாடை என்றும் சொல்வோம். புட்டியைவிடக் கழுவுவது சுலபம், மூலை முடுக்கு கிடையாது. இந்தியாவில் குறைமாதக் குழந்தை வார்டுகளிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் பலர் குழந்தையைப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவதுபோல் ஊற்றுகிறார்கள். பால் நுரையீரலுக்குப் போகும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தையும் தோளையும் தாங்கி, சங்கின் நுனியைக் கீழுதட்டில் வைத்துச் சாயுங்கள். அவன் நக்கி விழுங்கட்டும், மூச்சு விடட்டும், அப்புறம் அடுத்த மடக்கு. முழித்திருக்கும்போது மட்டும். பிழிந்த தாய்ப்பால் கிடைத்தால் அதுதான் முதல். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை வார்டு டாக்டர் சொல்லட்டும், 2 கிலோ குழந்தைக்கு நான் இங்கிருந்து அளவு சொல்லமாட்டேன்.

கையுறை ஃபேக்டரியில் வேலை: லீவ் முடிந்தால் என்ன செய்வது?

மிஸ்ஸி: 2023-லிருந்து பேறுகால விடுப்பு 98 நாள், முன்பு 60 நாள்தான். முழுசாக எடு. பிழிந்த பாலை உடனே ஐஸ் பெட்டியில் வை, வீட்டில் ஃபிரிட்ஜின் உள்பக்கம் நான்கு நாள் தாங்கும், கதவில் வைக்காதே. மைக்ரோவேவ் வேண்டாம், சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கு.

மஞ்சள் காமாலைப் பிள்ளையின் அம்மா: குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தால் இறங்குமாமே?

மிஸ்ஸி: இறங்காது. பால் குடிக்கும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். இரத்தம் பார்க்க இன்றே போ. ஜி6பிடி குறை (இரத்தத்தில் ஒரு நொதி குறைவு) என்று சொல்லியிருந்தால் துணி அலமாரியில் அந்துருண்டை வைக்காதே.

இரவு முழுக்க அழுதவள்: எல்லாம் செய்தேன். எனக்குப் பாலே வரவில்லை. நான் சரியில்லாத அம்மாவா?

மிஸ்ஸி: உடம்பு சுரக்காத தாய்மார்களும் உண்டு தங்கச்சி. பிரசவத்தில் இரத்தம் நிறையப் போனவர்கள், மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள், சுரப்பியே குறைவாக அமைந்தவர்கள். அளவாகக் கலந்த டின் பாலில் பிள்ளை நன்றாக வளரும். புட்டியை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டுப் போகாமல், மடியில் வைத்து முகம் பார்த்துக் கொடு. உன் அழுகை இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் உனக்காக டாக்டரைப் பார்.

ஒன்பது நாள் குழந்தை: மிஸ்ஸி, நேற்று ராத்திரியிலிருந்து பேம்பர்ஸ் காய்ந்தே இருக்கிறது. உச்சிக்குழி உள்ளே போனமாதிரி தெரிகிறது, எழுப்பினாலும் முழிக்கவில்லை. வேறு டின் மாற்றிப் பார்க்கலாமா?

மிஸ்ஸி: டின்னை விடு. இப்போதே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போ, வண்டி இல்லையென்றால் 999. குழந்தை புத்தகத்தை எடுத்துக்கொள். வாயில் எதையும் ஊற்றாதே, முழிக்காத பிள்ளைக்குப் புரையேறும். ராத்திரி எத்தனை மணிக்குக் கடைசியாக நனைந்தது என்று அங்கே சொல்.

மற்றவர்கள் மன்னிக்கணும். இந்தத் தங்கச்சி போய்ச் சேர்ந்தேன் என்று எழுதும்வரை நான் வேறு யாருக்கும் பதில் எழுதப் போவதில்லை.