நாய் நல்லா இருக்கா?

கேள்வி: ஹெதர் ஃபாசெட் எழுதிய ‘எமிலி வைல்ட்’ நாவல் வரிசையில் முதல் புத்தகத்தைப் போன வருடம் ஆசையாகப் படித்தேன். கிளாக்கோமாவால் பார்வை மங்கிய அப்பா அப்போது எங்களோடு இருந்தார். தினமும் இரவில் அவருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். இரண்டாம் பாகம் வாங்கி எட்டு மாதமாகிறது. 60 பக்கம் தாண்டவில்லை. பதினொன்றரை மணிக்குப் படுக்கையில் செல்போனில் திறந்தால் நாலு பக்கத்தில் தூக்கம். யார் யார் என்பது மறந்துபோகிறது. அடிக்குறிப்பைத் தொட்டால் எங்கேயோ போய்விடுகிறது. அந்தப் பழைய பனிக்கிராமமும் இல்லை. அப்பா இப்போது தம்பி வீட்டில். அங்கே டிவி இருக்கிறது, பொழுது போகிறது. போன வாரம் போனில், “அந்த நாய் நல்லா இருக்கா?” என்றார். தெரு நாயைக் கேட்கிறார் என்று நினைத்து “இருக்குப்பா” என்றேன். எனக்கு வாசிக்கும் பழக்கமே போய்விட்டதா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் அப்பா தெரு நாயைக் கேட்கவில்லையம்மா. ஷேடோவைக் கேட்டார். ஃபேரி என்னும் மாயக் கூட்டத்தை ஆராயும் பேராசிரியை எமிலியோடு கேம்பிரிட்ஜிலிருந்து பனிக்குள் போன அந்தப் பெரிய கறுப்பு நாயை.

கதை விட்ட இடத்தில் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எழுந்து வந்துவிட்டீர்கள். வந்ததோடு இல்லாமல், மீதியை ராத்திரி போர்வைக்குள் தனியாகத் தின்னப் பார்க்கிறீர்கள். இறங்கவில்லை என்று எனக்குக் கடிதம் வேறு. பார்வை மங்கிய மனிதருக்கு டிவியில் பொழுது போகிறது என்று எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்கியதா? உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தந்த காலத்தில் அவர் நேரம் பார்த்திருந்தால் இன்று எமிலியும் இல்லை, நாயும் இல்லை. பெற்றவருக்குக் கதை சொல்வதை உபகாரம் என்று நினைத்துச் செய்யாதீர்கள். அது கடன்.

வாசிப்புப் பழக்கம் எங்கும் போகவில்லை. முதல் பாகத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்தீர்கள், அதனால் பெயர்கள் நின்றன. அப்பா குறுக்கே கேள்வி கேட்டார், அதனால் முந்தின நாள் நடந்தது மறக்கவில்லை. இப்போது தூக்கக் கலக்கத்தில் நாலு பக்கம், மறுநாள் அதே நாலு பக்கம். எந்தப் புத்தகமும் இப்படி நகராது.

பனிக்கிராமம் இல்லை என்ற குறை நியாயம்தான். முதல் பாகம் 1909-இல் தொடங்கி, லியோஸ்லாண்ட் என்ற கற்பனை நாட்டில், பெரும்பாலும் ஒரே ஊரில், அடுப்பங்கரைக் கதகதப்பில் நடக்கிறது. இரண்டாம் பாகம் 1910-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கி ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பிவிடுகிறது. அதே அறைக்குள் மறுபடி நுழையலாம் என்று வருகிறவர்கள் இந்தப் பயணத் தொடக்கத்திலேயே புத்தகத்தை மூடிவைத்துவிடக்கூடும். நீங்கள் நிற்பதும் ஏறக்குறைய அங்கேதான்.

இனி செய்யவேண்டியது. முதல் பாகத்தை முழுதாகத் திரும்பப் படிக்கவேண்டாம். கடைசி இரண்டு அத்தியாயம் போதும், அதையும் அப்பாவுக்கே சொல்லுங்கள். அந்த 60 பக்கத்தையும் மறந்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து அவரோடு தொடங்குங்கள். மொழிபெயர்த்துக்கொண்டே போனால் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் பிடிக்கும். அரை மணியில் ஏழு பக்கம். பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் 340 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போகும் நாட்களையும் சேர்த்தால் இரண்டு மாதம்.

அன்றைய ஏழு பக்கத்தைப் பகலிலேயே ஒருமுறை கண்ணோட்டிவிடுங்கள். தடுமாறுவது கதையில் இல்லை, சொற்களில். ‘ஃபேரி’யைத் தேவதை என்று சொன்னால் அப்பாவுக்குக் கோயில் சிலைதான் நினைவுக்கு வரும், இவர்களோ ஆளைக் கடத்துகிற, பேரம் பேசுகிற கூட்டம். ரொட்டி சுடும் போ மாதிரிச் சின்னதுகளைக் குட்டிச்சாத்தான் என்றே சொல்லலாம், பாதி விளக்கம் அதிலேயே அடங்கிவிடும். எமிலியின் சக பேராசிரியராக வாழும் வெண்டெல் போன்ற ராஜகுலத்தாருக்கு அந்தப் பெயர் ஒட்டாது, அவர்களை அரசவைக்காரர்கள் என்று பிரித்துவிடுங்கள். பாம்பிள்பி என்ற வெண்டெலின் குடும்பப்பெயர் போன வருடம் அப்பா வாயில் என்னவாக மாறியதோ, அதையே தொடருங்கள், திருத்தாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களில் இரண்டு பேரை முதலிலேயே அறிமுகம் செய்துவிடுங்கள். அரியாட்னி, எமிலியின் உடன்பிறந்தவன் மகள். நம் முறைப்படி மருமகள். இன்னொருவர் எமிலியின் துறைத்தலைவர் ரோஸ். பெயரைக் கேட்டு அப்பா ஏதோ இளம்பெண் என்று நினைத்துக்கொள்வார். ஆண், வயதானவர், சிடுமூஞ்சிப் பேராசிரியர் என்று சொல்லிவிடுங்கள்.

அடிக்குறிப்பை வாக்கியத்தின் நடுவில் படித்தால் கேட்கிறவருக்கு இழை அறுந்துவிடும். பத்தி முடிந்த பிறகு, “இதுக்குக் கீழே ஒரு சங்கதி எழுதியிருக்காப்பா” என்று தனியாகச் சொல்லுங்கள். எமிலி எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்டுகிற பெண், அந்த அலட்டலில்தான் பாதிச் சிரிப்பு. செல்போனில் பக்கம் தாவுவது பெரிய தொல்லை. இந்த ஒரு புத்தகத்தையாவது அச்சில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எமிலியின் நாட்குறிப்பாக எழுதப்பட்ட கதை இது. தேதி மாறும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரே தேதி நீண்டுகொண்டே போனால், இடையில் வரி விட்டிருக்கும் இடம் பார்த்து நிறுத்தலாம்.

குரலைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கைகழுவப் பார்க்காதீர்கள். பதிவை நிறுத்தி “யாரு, வெண்டெலோட சித்தியா அனுப்பினா?” என்று அவரால் கேட்க முடியாது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் நீங்களும் பழையபடி 60-ஆம் பக்கத்தில்தான் நிற்பீர்கள். நேரடியாகப் பேசுகிற போன்தான் சரி. தம்பி மனைவியிடம், நாத்தனார் அதிகாரம் இல்லாமல், எந்த நேரம் அவளுக்குத் தோது என்று கேளுங்கள். சீரியல் ஓடும் கூடத்தில் ஸ்பீக்கர் எடுபடாது. அப்பாவின் அறையில், கதவைச் சாத்தி, போனைத் தலைமாட்டில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

மூன்றாம் பாகம் 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதை இப்போது வாங்கவேண்டாம். அப்பா கேட்கும்போது வாங்குங்கள்.

இன்று ராத்திரியே கூப்பிடுங்கள். தெரு நாய் என்று நினைத்ததை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள், சிரிப்பார். பிறகு அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: “நாய் நல்லா இருக்குப்பா. இந்தத் தடவையும் கூடவே வருது.”