வீட்டுத் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வர எந்தப் பூச்செடிகளை வைக்கலாம்?

முதலில் இட்லிப்பூ வையுங்கள். மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் இருப்பது சிவப்பு இட்லிப்பூச் செடி ஒன்றுதான். காலை ஒன்பது மணி வெயில் அதன் மேல் விழுந்ததும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி வந்துவிடும். அந்தப் பூவின் குழல் மெலிந்து நீண்டிருக்கும். அடியில் இருக்கும் தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும், அழகி வகைப் பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு அது உண்டு. கொத்தாகப் பூப்பதால் ஒரே இடத்தில் உட்கார்ந்து பூ பூவாகக் குடித்துவிட்டுப் போகும்.

சின்னப் பட்டாம்பூச்சிகளுக்கு அந்தக் குழல் எட்டாது. அதற்கு நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம், களை பிடுங்காமல் இருந்தால் போதும். தரையோடு படர்ந்து, நீளமான காம்பில் ஒற்றைப் பூ பூக்கும் வெட்டுக்காயப் பூண்டு தானாகவே வரும். குட்டி நீலன்களும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் அதைச் சுற்றியே பறக்கும். ஒரு மூலையையாவது அதற்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் தேள்கொடுக்கு. இதைத்தான் நான் எல்லாரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். பூக்கொத்து தேளின் கொடுக்கு போல வளைந்திருக்கும், பார்க்க அழகான செடி என்று சொல்ல முடியாது. ஆனால் நீல வரியன், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிகள் எல்லாம் தேடி வரும். பூவில் மட்டுமல்ல, காய்ந்த தண்டிலும் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். அந்தச் செடியில் இருக்கும் ஆல்கலாய்டு என்ற ஒருவகை வேதிப்பொருளிலிருந்துதான் ஆண் பூச்சிகள் பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. அதனால் வாடியதும் பிடுங்கி எறியாதீர்கள். கிலுகிலுப்பைச் செடிக்கும் இதே குணம் உண்டு.

நர்சரியில் வாங்குவதென்றால் பென்டாஸ், ஜினியா இரண்டும் நல்லவை. ஜினியாவில் நடுவே மஞ்சள் வட்டம் தெரிகிற ஒற்றை அடுக்கு இதழ் வகையைக் கேட்டு வாங்குங்கள். அடுக்கடுக்காக இதழ் வைத்த பூ கண்ணுக்குத்தான் நிறைவு. அதில் பட்டாம்பூச்சி தேனை எட்டுவது கடினம். உண்ணிச்செடியை யாராவது சிபாரிசு செய்வார்கள். பட்டாம்பூச்சி அதற்கு மொய்க்கும், உண்மைதான். ஆனாலும் வைக்காதீர்கள். அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது புதராக மண்டி மற்ற செடிகளை வளரவிடாமல் செய்கிறது.

எதை வைத்தாலும் வெயில் விழும் இடத்தில் வையுங்கள். உடல் சூடேறினால்தான் அவற்றால் நன்றாகப் பறக்க முடியும். ஒவ்வொரு வகையிலும் ஒரு செடி என்று வைப்பதைவிட, ஒரே வகையில் நாலைந்து செடிகளைச் சேர்த்து வைத்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

தேன் மட்டும் இருந்தால் வரும், குடிக்கும், போய்விடும். முட்டையிட வேறு செடி வேண்டும். கறிவேப்பிலையோ எலுமிச்சையோ ஒன்று இருந்தால் அழகிகள் அதில் முட்டை வைக்கும். பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டியிருப்பது அதன் இளம் புழு. அது தெரியாமல் ஒரு வருடம் முழுக்க நான் கறிவேப்பிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். அத்தனை புழுக்களையும் நானே கொன்றேன் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. இப்போது புழு தின்ற கிளையை அப்படியே விட்டுவிடுகிறேன். கொஞ்ச நாளில் அது மறுபடியும் துளிர்த்துவிடுகிறது, சமையலுக்கும் இலை குறைந்ததில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே செடிகளை நட்டுவிடுங்கள், வேர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.