எஞ்சின் மாற்றிய பழைய டிரக்கில் பெட்ரோல் சீராக வராதது ஏன்?

1970ஆம் ஆண்டு செவ்ரோலெட் சி10 டிரக்கில் 5.3 லிட்டர் எல்எஸ் எஞ்சினை (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 எஞ்சின் வகை) பொருத்தியபின், வளைவுகளிலும் வேகமெடுக்கும்போதும் வண்டி திணறுவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய கார்புரேட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தமே போதுமானதாக இருந்தது. எல்எஸ் எஞ்சினில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கோ சுமார் 58 பிஎஸ்ஐ இடையறாது கிடைக்க வேண்டும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான இன்ஜெக்டர் ரெயிலில் அழுத்தமானியைப் பொருத்தி, ஐட்லிங்கிலும் சுமையிலும் அளவைப் பாருங்கள்.

சுமையில் மட்டும் அழுத்தம் சரிந்தால், ஃபில்டர் அடைப்பையும், எஞ்சின் ஓடும்போதே பம்பில் கிடைக்கும் மின்னழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். பழைய மெல்லிய வயரிலேயே புதிய பம்பை இணைப்பது பலரும் செய்யும் தவறு, அதற்குத் தடித்த வயரும் தனி ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அவசியம். வளைவில் மட்டும் சரிந்தால் டேங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்: கார்புரேட்டர் காலத்து டேங்கில் போதிய தடுப்புத் தகடுகள் இல்லாததால், பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிடுகிறது. தடுப்புள்ள டேங்கும் அதற்குள் மூழ்கியிருக்கும் பம்பும்தான் நிலையான தீர்வு என்பது என் உறுதியான கருத்து.

இந்த மாடலில் டேங்க் இருக்கைக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருப்பதால், பழைய ரப்பர் குழாய்களை அப்படியே விடாமல், உயர் அழுத்தம் தாங்கும் குழாய்களையும் கிளிப்புகளையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.