அரை கிலோ வேலைக்கு 10 கிலோ மூட்டை எதற்கு?

கேள்வி: இரண்டு பிள்ளைகளுக்கும் மாமனாருக்கும் ஃப்ளீஸ் துணியில் குல்லா, மஃப்ளர், கையுறை தைக்க வேண்டும். என்னிடம் நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெஷின்தான் இருக்கிறது, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லை. முதலில் தைத்த குல்லா மகன் தலையில் ஏறவே இல்லை. திருப்பூரிலிருந்து கிலோ விலையில் ஃப்ளீஸ் அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார். குறைந்தது 10 கிலோ எடுக்க வேண்டுமாம், பாதிப் பணம் முன்பணமாம். வாங்கலாமா? மாமனார்தான் தினமும் காலையில் விறகடுப்பில் வெந்நீர் வைப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். (குன்னூர் வாசகி)

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்று பேருக்கும் சேர்த்து உங்களுக்குத் தேவை ஒன்றரை மீட்டர். 150 செ.மீ. அகலமுள்ள 200 ஜிஎஸ்எம் துணியில், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில், அது 450 கிராம்தான். அவர் சொல்லும் 10 கிலோ என்பது ஏறத்தாழ 33 மீட்டர். அதுவும் முழுத் துணியாக வந்தால்தான். 'ஸ்டாக் லாட்', அதாவது மிஞ்சிய சரக்கு, என்று சொல்லி வரும் மூட்டைகளில் மேலே நாலு நல்ல துண்டு இருக்கும், உள்ளே கைக்குட்டை அளவுக்குக்கூடத் தேறாத வெட்டுத்துண்டுகள் இருக்கும். பணம் போன பிறகு போனை எடுக்கமாட்டார்கள். பில்லும் இருக்காது, யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. திருப்பூரில் வெறுமனே 'ஃப்ளீஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் த்ரீ த்ரெட் ஃப்ளீஸைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஹூடி தைக்கிற துணி அது. வெளிப்பக்கம் பனியன் மாதிரி வழவழப்பாக இருக்கும், உள்பக்கம் மட்டும் பஞ்சு எழுப்பியிருக்கும். அதில் பருத்தி அதிகம். உங்கள் ஊர் மூடுபனியில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தலையில் சில்லென்று உட்காரும். உங்களுக்கு வேண்டியது போலார் ஃப்ளீஸ். முழுக்க பாலியஸ்டர், இரண்டு பக்கமும் பஞ்சு போல இருக்கும். பெயரைச் சொல்லியே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு துணுக்கை வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி கெட்டியான மணியாகும். 50 செ.மீ.க்கு 50 செ.மீ. துண்டு 50 கிராம் இருந்தால் 200 ஜிஎஸ்எம். இதையெல்லாம் துணியோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? உலகத்துக்கே பின்னலாடை அனுப்பும் ஊரில், அரை மீட்டர் வாங்க வரும் பெண்ணுக்கு அது என்ன நூல், எத்தனை கிராம் என்று சொல்ல ஆளில்லை. எனக்கு ஆறாத கோபம் இது.

சரி, குல்லா ஏன் ஏறவில்லை? துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருப்பீர்கள். ஃப்ளீஸ் அகலவாக்கில், அதாவது ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, நன்றாக இழுபடும். நீளவாக்கில் அவ்வளவு இழுபடாது. இழுபடும் பக்கம் தலையைச் சுற்றி வர வேண்டும். தையல் வகுப்புகளில் ஜாக்கெட் துணியோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள், பின்னல் துணியைத் தொடுவதே இல்லை. பிறகு எப்படித் தெரியும்?

தலைச் சுற்றளவு 54 செ.மீ. என்றால் 53 அகலம், 32 உயரம் வெட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு செ.மீ. தையலுக்குப் போனால் 51 நிற்கும், இழுத்துப் பிடிக்கும். பக்கத்தை மூட்டி, உச்சியைச் சுருக்கிக் கட்டி, கீழே 6 செ.மீ. மடித்துவிட்டால் குல்லா தயார்.

ஓவர்லாக் தேவையே இல்லை, இந்தத் துணி நூல் பிரியாது. முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி 14ஆம் நம்பர், பாலியஸ்டர் நூல், 3 மி.மீ. தையல் போதும். தைக்கும்போது துணியை லேசாக இழுத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் மாட்டும்போது தையல் பட்டென்று அறுந்துவிடும். மஃப்ளருக்குத் தையலே வேண்டாம், துணியின் முழு அகலத்தில் 25 செ.மீ. பட்டையாக வெட்டினால் போதும். கையுறையில் விரல்களைப் பிரிக்காதீர்கள். கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டு, கையின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி வெட்டுங்கள்.

மாமனார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாலியஸ்டர் நெருப்பில் உருகி, தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சுட்ட இடத்திலிருந்து பிய்க்கவும் முடியாது. அடுப்பூதும்போது தொங்கும் மஃப்ளர் முனை ஒன்று போதும். எனவே அடுப்படியில் அவருக்கு ஃப்ளீஸ் கையுறையும் வேண்டாம், மஃப்ளரும் வேண்டாம். கம்பளிக் குல்லா போட்டுக்கொள்ளட்டும். கம்பளி அவ்வளவு எளிதில் தீப்பற்றாது, பொறி பட்டாலும் கருகும், உருகாது. சூடான அண்டாவை ஃப்ளீஸ் கையுறையோடு தூக்கவே கூடாது. வெந்நீர் வைத்து முடித்து, வெளியே நடக்கப் போகும்போது நீங்கள் தைத்ததைப் போட்டுக்கொள்ளட்டும், அதில் தடையில்லை. ஆனால் போகிற வழியில் கணப்பு மூட்டிய இடத்தில் நின்று கை காய்ச்சுகிற பழக்கம் உண்டென்றால் அப்போதும் கையுறையைக் கழற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாத்தா பக்கத்தில் அடுப்போரம் உட்காருவார்கள் என்றால் அவர்களுக்கும் இதே விதிதான். 'கொஞ்ச நேரம்தானே' என்பார்கள், விடாதீர்கள்.

துவைப்பது பச்சைத் தண்ணீரில். இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. அந்தத் திருப்பூர்க்காரரிடம் ஒன்றரை மீட்டர் போலார் ஃப்ளீஸ் மட்டும், பில்லோடு, சரக்கு வந்ததும் பணம் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் வாங்குங்கள்.